வண்டிக்குக் கட்டிய வெள்ளை

டயர் கடைக்காரர் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை என் உள்ளங்கையில் கவிழ்த்தார். நான்கு வெள்ளை மூடிகள் விழுந்தன. ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு. அவ்வளவுதான். அவர் முகத்தில் மட்டும் மலையைப் பெயர்த்துக் கொண்டு வந்துவிட்ட பெருமை.

"இந்தாங்கக்கா, நீங்க கேட்ட ஒயிட் வாலு. சேலத்துல சொல்லி வரவெச்சேன். தர்மபுரியில ஒருத்தர்கிட்டயும் கெடையாதுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வாரமாக இவரை நம்பி வேறெங்கும் தேடாமல் உட்கார்ந்திருந்தேன். டயரின் பக்கவாட்டில் வெள்ளையாக வளையம் போட்டிருக்கும் அல்லவா, பழைய கார்களில்? அதற்கு இங்கிலீஷில் ஒயிட் வால் டயர் என்று பெயர் என்று என் மகள் செல்போனில் பார்த்துச் சொன்னாள். நானும் அதை அப்படியே போனில் ஒப்பித்தேன். எங்கள் பக்கம் வால் என்றால் ஒன்று மாட்டுக்கு இருக்கும், இல்லாவிட்டால் டியூபில் காற்றடிக்கும் இடத்தில் இருக்கும். சைக்கிள் காலத்திலிருந்தே வால் டியூப் என்று கேட்டு வாங்கிப் பழகிய ஊர். மனிதர் வாலுக்கு வெள்ளை மூடி வாங்கி வைத்துவிட்டார்.

"வாலு இல்லைங்க, வால்! வால்னா செவுரு!" என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "டயருக்கு எதுக்குங்கக்கா செவுரு?"

மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். கோபம் வந்தால் எனக்குக் காது சூடாகும். அன்று வீடு வந்து சேரும்வரை சூடு இறங்கவில்லை.

ஒரு டயருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் கணவர் அரசாங்க ஏலத்தில் எடுத்த அம்பாசடர் கார் அது. எடுக்கும்போது வெள்ளை நிறம். அதியமான்கோட்டைப் பக்கம் எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் ஓடி வந்து, அதிகாரி என்று நினைத்து, கையில் மனுவைத் திணித்துவிட்டுப் போவார். இரண்டு பேருக்கு இவரே முதியோர் பென்ஷனுக்கு அலைந்து வாங்கிக் கொடுத்தார் என்பது வேறு கதை. கடைசியில் தொல்லை தாங்காமல் அரக்கு நிறம் அடித்துவிட்டார். நாங்கள் பட்டுப்புழு வளர்க்கிறவர்கள். கூடு அறுத்ததும் மூட்டையைப் பின்சீட்டிலும் டிக்கியிலும் அடைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போவது அந்தக் காரில்தான். அவருக்கு வேலை இருக்கிற நாளில் நான் கொண்டுபோக வேண்டும் என்பதற்காக, வற்றிய ஏரியில் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தார். கற்றுக் கொடுத்தார் என்றா சொன்னேன்? நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிட்டார்.

ஒருமுறை ஏற்காட்டில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் ஒரு அம்பாசடருக்கு வெள்ளை வளையம் போட்ட டயராம். ஒரு மாதம் அதே பேச்சு. மகளிடம், "உன் கல்யாணத்துக்கு நம்ம வண்டிக்கும் அதே மாதிரி டயர் போட்டு, நானே உன்னை மண்டபத்துல எறக்கி வுடுவேன்" என்று சொல்லிவைத்திருந்தார். இரண்டு வருடம் முன்பு, மல்பெரித் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "பொண்ணழைப்புக்கு அப்பா வண்டியிலதாம்மா வருவேன். நீதான் ஓட்டோணும்."

என் கணவரின் அண்ணன் அப்போது கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குப் பெரியவர் அவர்தான், அப்பா இடத்தில் நின்று நடத்துகிறவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதிலேயே பாதி உயிரை வைத்திருப்பவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"மாப்பிள்ளை வூட்டுல புது வண்டி அனுப்பறாங்க. பாப்பா அதுல வந்துரட்டும். நீ பின்னாடி வேன்ல எல்லாரோடயும் வந்துரும்மா."

"ஏனுங்க மாமா, அவளே கேக்கறா. நான் ஓட்டிட்டு வர்றேனுங்க."

அவர் எழுந்து வெளியே போய்க் காரைச் சுற்றி வந்தார். காலால் டயரைத் தட்டினார். "டயரெல்லாம் மொட்டையா கெடக்குது. பொண்ண ஏத்திட்டு வர்ற வண்டியா இது?"

டயர் மொட்டைதான். அதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது டயரைப் பற்றி இல்லை என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், காப்பி டம்ளரை எடுக்க வந்த என் மகளுக்கும் தெரியும். தாலி இல்லாத கழுத்தோடு நான் முன்சீட்டில் உட்கார்ந்து, மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் எல்லோருக்கும் எதிரே முதல் ஆளாகப் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும்? அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் பழியை டயர் மேல் போட்டார்.

"டயர் மாத்திட்டா?" என்றேன்.

"மாத்து. பாக்கலாம்" என்றார். நான் மாற்றமாட்டேன் என்ற நம்பிக்கை அவருக்கு.

ஆக விஷயம் இதுதான். டயர் சரியானால் என் மகளை நான் ஓட்டிக்கொண்டு போவேன். இல்லாவிட்டால் வேனில் கடைசி சீட்டில், ஜமுக்காளத்தோடும் பாத்திரத்தோடும் போய் இறங்கி, சமையல்கட்டுப் பக்கமாக உள்ளே நுழைவேன். நான் பெற்றவள் கல்யாணத்துக்கு.

வெள்ளை மூடியில் ஏமாந்த பிறகு நாங்களே தேடத் தொடங்கினோம். சென்னையில் பழைய கார்களுக்குச் சாமான் விற்கிறவர் ஒருவரின் நம்பர் கிடைத்தது. அசல் வெள்ளை வளைய டயர், வெளிநாட்டுச் சரக்கு. மிகவும் மரியாதையாகப் பேசினார். விலையைச் சொன்னார். நான் மனசுக்குள் எச்சில் விழுங்கி, அடுத்த அறுப்பில் கூடு நல்ல விலைக்குப் போனால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டு, "சரிங்க, நாலும் சேத்து கொஞ்சம் கொறச்சுக்குங்க" என்றேன்.

"நாலுக்கு இல்ல மேடம். நான் சொன்னது ஒரு டயருக்கு."

கேட்கக்கூடாத வார்த்தையைக் கேட்டதுபோலப் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவர் உள்ளேயிருந்து "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அந்த விலைக்கு எங்கள் காரையே வாங்கிவிடலாம், டிரைவரோடு சேர்த்து. நான்கு ரப்பர் வளையத்துக்கு இப்படி ஒரு விலையா? எந்த ஊரில் எந்த மகராசன் இதைக் கொடுத்து வாங்கி மண் ரோட்டில் ஓட்டுகிறான்? அன்று முழுவதும் எனக்கு இதே புலம்பல். புழுவுக்குத் தழை போடும்போதுகூடப் புலம்பினேன்.

அடுத்த வாரம் மகள் ஒரு விளம்பரம் காட்டினாள். பொம்மிடியில், ஸ்டேஷன் பக்கத்துக் குடோனில், உபயோகிக்காத வெள்ளை வளைய டயர். நம் வண்டிக்குரிய சைஸ். விலையும் நம்மால் முடிகிற விலை. இரண்டு பேரும் அப்போதே பஸ் ஏறினோம்.

குடோன்காரர் டயர்களைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார். மேலே சுற்றிய காகிதம்கூட முழுதாகக் கிழிபடவில்லை. வளையம் பளிச்சென்று பால் மாதிரி இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் கணவர் ஆசைப்பட்டது இதுதான், இதேதான் என்று நினைத்தேன். அட்வான்ஸை எடுக்கப் பையைத் திறந்துவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள் டயரைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடினாள். டயரின் பக்கத்தில் நான்கு எண் அச்சடித்திருக்கும், கடைசி இரண்டும் அது செய்த வருஷம் என்று எங்கோ படித்திருக்கிறாள். தேய்த்துப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள். "அம்மா, இது நான் அஞ்சாவது படிக்கையில செஞ்சது."

கூடு வாங்க வருகிறவர்கள் விரலால் அழுத்திப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். அந்தப் பழக்கம் எனக்கும் உண்டு. டயரை வளைத்து, கட்டைவிரலால் வெள்ளை வளையத்தின் ஓரத்தை அழுத்தினேன். ரப்பர் மெதுவாக வாயைத் திறந்தது. வெயிலில் காய்ந்த ஏரி மண்ணில் வருமே, அதுபோல வெடிப்பு. ஒன்று இல்லை, வரிசையாக. வெளியே பால், உள்ளே சுக்கு.

"என்னுங்க இது? வெடிச்சுக் கெடக்குது?"

குடோன்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "அக்கா, நீங்க கல்யாணத்துக்குத்தான கேக்கறீங்க? வூட்டுல இருந்து மண்டபம். ஒரு நாளைக்கு தாராளமா தாங்குமுங்க."

"என் மகளும் ஒரு நாளைக்கு இருந்தா போதுமுங்களா?"

இதைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். கல்யாணப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லக்கூடாத சொல். வெளியே வந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வாயைக் கழுவினேன். ஆனால் இன்றுவரை அந்த மனிதரை நினைத்தால் எனக்கு ஆறாது. தெரியாமல் விற்றால் வேறு. அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்யாணத்துக்கு என்று தெரிந்தே சொல்கிறார்.

பிறகு பழையபடி தர்மபுரி டயர் கடைக்காரரிடமே போனோம். மூடி விஷயத்தில் அவருக்கும் கொஞ்சம் கூச்சம். நான்கு புது நைலான் டயர், கருப்பு, இந்த வருஷத்துச் சரக்கு, நானே எண் பார்த்து வாங்கினேன். விலையும் கட்டுப்படியானது. "வெள்ளைக்கு நான் ஒரு வழி பண்றேனுங்கக்கா" என்றார். அவர் பண்ணிய வழி, வெள்ளை ரப்பர் வளையம். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் செருகிவிட்டால் அசல் மாதிரியே இருக்கும். உண்மையிலேயே இருந்தது. அரக்கு நிற வண்டிக்கு அந்த வெள்ளை அப்படி எடுத்துக் கொடுத்தது. மகள் நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்தாள். நான் பெரியவர் வீட்டு வாசல் வழியாக வேண்டுமென்றே இரண்டு தரம் ஓட்டிக்கொண்டு போனேன்.

அந்தப் பெருமை சேலத்துக்குப் புடவை எடுக்கப் போன நாள்வரைதான்.

தொப்பூர் இறக்கத்தில் நான் எப்போதும் கியரைக் குறைத்து, இடது ஓரமாக, லாரிக்காரர்கள் திட்டத் திட்ட மெதுவாகத்தான் இறங்குவேன். அன்றும் அப்படித்தான். பாதி இறங்கியிருப்போம். முன்பக்கம் பட் பட் பட் என்று ஒரு சத்தம். யாரோ பெல்ட்டால் வண்டியை அடிக்கிறார்கள். டயர் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து மெல்ல மெல்லப் பிரேக் போட்டேன். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. அப்போது எங்களுக்கு இடதுபக்கம், மண்ணில், ஒரு வெள்ளை வளையம் தன்பாட்டுக்கு உருண்டு எங்களை முந்திக்கொண்டு போனது. கொஞ்ச தூரம் போய், ஒரு மரத்தடியில் தள்ளாடி, சுற்றி, படுத்துக்கொண்டது.

வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன். மகள் சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள்.

"அம்மா, நம்ம டயரே நம்மள ஓவர்டேக் பண்ணிட்டு போவுதும்மா!"

"சிரிக்காதடி! அது லாரிக்காரன் முன்னாடி விழுந்திருந்தா? பைக்குல வர்றவன் மேல விழுந்திருந்தா?"

என் குரல் எனக்கே பயமாக இருந்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இறங்கிப் பார்த்தோம். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. வளையம் உரசிய இடத்தில் லேசாகப் பொடி உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். மிச்சம் மூன்று வளையங்களையும் அங்கேயே ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பிடுங்கி டிக்கியில் எறிந்தேன். கருப்பு டயரோடு சேலம் போய்ப் புடவை எடுத்தோம். எடுத்த புடவை என்ன நிறம் என்றுகூடக் கடையில் எனக்குப் பதியவில்லை.

விஷயம் எப்படியோ பெரியவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாளே வந்தார். "நான் சொன்னனில்ல? வேன்லயே வந்துரும்மா."

"மாமா, கழண்டது மேல்வளையம். டயரு நல்லா இருக்குதுங்க. நீங்களே பாருங்க."

பார்த்தார். தட்டினார். புது டயர் நன்றாகத் திண்ணென்று இருந்தது. சொல்ல முடியாததைச் சொல்லாமலே போனார்.

இதோடு நான் விட்டிருக்கலாம். கருப்பு டயரில் போனால் கல்யாணம் நடக்காமலா போய்விடும்? ஆனால் என் மகள், "அப்பா சொன்னது வெள்ளைம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அடம்பிடிக்கவில்லை. அடம்பிடித்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். சும்மா சொன்னாள்.

டயரிலேயே பூசுகிற ரப்பர் பெயிண்ட் ஒன்று இருக்கிறது. சாதாரணப் பெயிண்ட் அடித்தால் டயர் வளைந்து கொடுக்கும்போது அது வெடித்து உதிர்ந்துவிடும். இது ரப்பரோடு சேர்ந்து வளையுமாம். ஒரு டப்பா வாங்கி வந்தோம். அத்தனை அலைச்சலுக்கும் பிறகு, இருப்பதிலேயே மலிவு இதுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. டயரின் பக்கத்தைக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெட்ரோலால் துடைத்துக் காயவைத்தோம். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, மகள் மெல்லச் சுற்ற, நான் பிரஷ்ஷை அசைக்காமல் பிடித்துக்கொண்டேன். வட்டம் தானாக வந்தது. புழு மனையில் மணிக்கணக்காகக் குனிந்து வேலை செய்த இடுப்பு எனக்கு. இருந்தும் மூன்றாவது சக்கரத்தில் பிடித்துக்கொண்டது.

வழிந்த பெயிண்ட்டைத் துடைக்க ஒரு துணி கேட்டேன். மகள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணியைக் கிழித்துக்கொண்டு வந்தாள். புதுத்துணி. மொடமொடவென்று கஞ்சி வாசம். துடைத்துக்கொண்டே இருந்தவள், கரையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

"இது எங்கடி எடுத்த?"

"பீரோவுல, அடித்தட்டுல. யாரும் கட்டாத சீலைதான?"

யாரும் கட்டாத சீலைதான். என் கணவர் காரியத்தன்று என் அண்ணன் கொண்டுவந்த கோடி. புருஷன் போனவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வெள்ளைச் சீலை கொண்டுவந்து போர்த்துவது எங்கள் வழக்கம். அரூர் பக்கத்திலிருந்து, தட்டில் வைத்து, பங்காளிகள் சூழ, என் அண்ணன் அதை எடுத்து வந்தார். பெண்கள் என்னைச் சுற்றி நின்று கட்டச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். அவ்வளவு ஜனத்துக்கு நடுவில் எழுந்து உள்ளே போய் என் பழைய நீலச் சீலையையே கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அண்ணன் தட்டைப் பிடித்தபடியே நின்றார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதன் பிறகு அவர் வருவது குறைந்துபோனது. நான் அவரை அவமானப்படுத்திவிட்டேன் என்று ஊரில் சொன்னார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எப்போதும் ஒன்றும் சொல்கிறவர் இல்லை.

அந்தச் சீலை என் கையில் பெயிண்ட்டும் பெட்ரோலுமாக இருந்தது. மகளுக்குத் தெரியாது, அவள் அன்று அழுது மயங்கிக் கிடந்தவள். அவளிடம் என்ன சொல்வது?

"கிழிச்சது கிழிச்சாச்சு. நீ சுத்து" என்றேன். நாலாவது சக்கரத்தையும் முடித்தோம்.

பெண்ணழைப்பு நாள் வந்தது. மத்தியானத்துக்கு மேல் வீடு நிறைந்துவிட்டது. வண்டியைக் கழுவி, முன்னால் சம்பங்கி மாலை கட்டி, வாசலில் நிறுத்தியிருந்தேன். அரக்கு உடம்பு, நாலு வெள்ளை வளையம். பார்க்கிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஒரு பையன் செல்பி எடுத்தான். எனக்கு ஏக சந்தோஷம். அப்போதுதான் பெரியவரின் மனைவி வந்தாள். நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், என் மேல் பிரியம் உள்ளவள்தான். வண்டியைப் பார்த்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அய்யோ, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கற? உனக்குப் போட்ட வெள்ளைய நீ கட்டமாட்டேன்னுட்டு, வண்டிக்குக் கட்டிட்டியா?"

நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம்வரை எனக்கு அது தோன்றவே இல்லை. மாதக்கணக்காக வெள்ளை வெள்ளை என்று அலைந்திருக்கிறேன். என் வாயாலேயே ஆயிரம் தரம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு தரம்கூட, ஒரு தரம்கூட எனக்கு அது அந்த வெள்ளை என்று உறைக்கவில்லை. யாரோ என் முகத்தில் பச்சைத் தண்ணீரை அடித்ததுபோல இருந்தது. அவர் வண்டி. அவர் போய்விட்டார். வண்டி வெள்ளை கட்டி நிற்கிறது. துடைத்தது எந்தத் துணியால் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

பெரியவர் மெல்லப் பக்கத்தில் வந்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, குரலில் தெரிந்தது. "நான் டயர சொன்னதே இதுக்குத்தாம்மா. நல்ல காரியத்துக்கு வெள்ளையும் வேண்டாம், நீ முன்னாடி போறதும் வேண்டாம். மாப்பிள்ளை வூட்டு வண்டி வந்து நிக்குது. உனக்கு வேன் இருக்குது."

கடைசியில் சொல்லிவிட்டார். சாவி உள்ளங்கையில் வேர்த்து வழுக்கியது. ஜன்னலுக்குப் பின்னால் அலங்காரத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்த்துடுக்குக்காரி என்று பேர் எடுத்த நான், வேனில் ஏறிவிடலாம் என்றே ஓர் அடி எடுத்து வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் என் அண்ணன் தாய்மாமன் சீரோடு தெருமுனையில் இறங்கினார். தட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவர் கையில் முதல் தட்டு. மஞ்சள், குங்குமம், பூ, வெற்றிலை. இரண்டு வருடத்துக்கு முன்பு இதே தெருவில் வேறொரு தட்டோடு இப்படித்தான் வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு டயரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். பெரியவரின் மனைவி அவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். எல்லாவற்றையும்தான்.

அண்ணன் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் குந்தினார். வெள்ளை வளையத்தில் விரலை வைத்து ஒரு சுற்று சுற்றினார். பெயிண்ட் ஒட்டுகிறதா என்று விரலைப் பார்த்தார். ஒட்டவில்லை. இன்றைக்காவது திட்டித் தீர்க்கட்டும் என்று நின்றேன்.

"பாப்பா" என்றார், தலையை நிமிர்த்தாமல். என்னை இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார். "நான் கொண்டாந்தத நீ கட்டலேன்னு எனக்கு வருத்தமுன்னு ஊருல சொன்னாங்கல்ல? அது இல்ல. அதப்போய் கொண்டாந்தேனேன்னுதான் வருத்தம்."

எழுந்தார். பெரியவரைப் பார்த்து, "ஏனுங்க மச்சான், புதுசா எடுத்த துணிய மஞ்சள் வெக்காம கட்டுவாங்களா? மாப்பிள்ளை வேட்டியே வெள்ளைதானுங்க? மஞ்சள் வெச்சா சரியாப் போச்சு" என்றார்.

கூட்டத்தில் யாரோ, "அதுவுஞ் செரிதான்" என்றார்கள். சீர்த்தட்டிலிருந்து மஞ்சளை எடுத்து, ஒரு கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தார் அண்ணன். பெரியவரின் மனைவி உடனே வந்து கையை நீட்டினாள். மஞ்சள் வைப்பது சுமங்கலி செய்கிற வேலை. அவள் நீட்டியதில் ஒரு தப்பும் இல்லை. அண்ணன் கிண்ணத்தை அவளைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

"வண்டி ஓட்டறவங்க வெக்கட்டும்."

என் வாழ்க்கையில் நான் அதிர்ந்ததெல்லாம் அதற்கு முன் ஒன்றுமே இல்லை. டயர் விலையும் இல்லை, தொப்பூரும் இல்லை. இரண்டு வருடமாக யார் வீட்டுக் காரியத்திலும் நான் மஞ்சள் கிண்ணத்தைத் தொட்டதில்லை. தொடாதே என்று யாரும் சொன்னதில்லை, நானாகவே ஒதுங்கிக்கொண்டேன். வெள்ளை கட்டமாட்டேன் என்று வீறாப்பாகச் சொன்னவள்தான். மற்றதையெல்லாம் சத்தமில்லாமல் ஒத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

குனிந்தேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒவ்வொரு வெள்ளை வளையத்திலும் மூன்று விரலால் மஞ்சள் வைத்தேன். நாலாவது சக்கரத்தில் என் கண்ணீரும் விழுந்தது, அழித்துவிட்டு இன்னொரு தரம் வைத்தேன். பெரியவரின் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பெரியவர் வண்டிப் பக்கம் வந்தார். பழக்கதோஷம், காலால் டயரைத் தட்டினார்.

"டயரு புதுசுதானே?"

"புதுசுதானுங்க மாமா."

"அப்ப எடு. நேரமாவுது."

மகள் ஓடி வந்து பின்சீட்டில் ஏறினாள். அண்ணன் முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலத்தில் என் கணவர் பிடித்த அதே இடத்தில், கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நாதஸ்வரம் தொடங்கியது. மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. நேராக அவர்களுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கும்போதுதான் பார்த்தேன், ஸ்டியரிங் முழுக்க என் விரல் மஞ்சள் ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை.